பாணிகள்: நூலின் பத்திகளுக்குப் பெயர் வைத்தல்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதி முடித்து, 240 பக்கக் கோப்பாக வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். அதில் இயல் தலைப்புகளும் அவற்றுக்குள் சிறு தலைப்புகளும் இருக்கின்றன. கோயில் சுவரிலிருந்து படித்தெழுதிய கல்வெட்டு வரிகள் ஒருபுறம். ஊர்ப் பெண்கள் பாடக் கேட்டுக் குறித்த தாலாட்டும் ஒப்பாரியும் இன்னொருபுறம். படங்கள், படக்குறிப்புகள், அடிக்குறிப்புகள் எல்லாம் உண்டு. கோப்பைப் பார்த்த பதிப்பாளர், “பாட்டெல்லாம் ஒரு புள்ளி சின்னதா இருக்கட்டும் சார். கல்வெட்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுங்க. இயல் எல்லாம் வலப்பக்கத்தில்தான் தொடங்கணும்” என்கிறார். மூன்றே திருத்தங்கள். ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியே தேர்ந்து அலங்கரித்த கோப்பு என்றால் நாள்கணக்கில் உட்கார வேண்டும்; அப்படியும் சில இடங்கள் விட்டுப்போகும். பாணிகளைக் கொண்டு அமைத்த கோப்பு என்றால் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

திரையில் ‘ஸ்டைல்ஸ்’ என்று தெரிவதைத்தான் இந்நூலில் பாணி என்கிறோம். எடுத்துக்காட்டுக்கு அந்த ஊர் வரலாற்று நூலையே கடைசிவரை வைத்துக்கொள்வோம். விளக்கங்கள் லிப்ரே ஆபிஸ் ரைட்டருக்கு உரியவை. அது இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், பாணிகளைக் கையாளும் வசதி அதில் மிக விரிவாக இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் வேர்டில் எங்கே வேறுபடும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கணினிக்கு என்ன தெரியும்

ஒரு வரியைத் தேர்ந்து, தடித்த எழுத்தாக்கி, அளவைக் கூட்டி, நடுவில் நிறுத்துகிறோம். நம் கண்ணுக்கு அது தலைப்பு. கணினிக்கோ அது பெரிய, தடித்த, நடுவில் நிற்கும் ஒரு பத்தி. பொருளடக்கம் தயாரிக்கச் சொன்னால் அந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. அதே வரிக்கு ‘ஹெடிங் 1’ பாணியைக் கொடுத்தால், இது முதல்நிலைத் தலைப்பு என்ற செய்தி கோப்புக்குள் பதிகிறது. அது எந்த எழுத்துருவில், என்ன அளவில், எங்கே நிற்க வேண்டும் என்பது அந்தப் பாணியின் வரையறையில் ஒரே இடத்தில் இருக்கும். அங்கே மாற்றினால் நூல் முழுவதும் மாறும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரைட்டர் கோப்பு என்பது ஒரு ஜிப் பொதிதான். நகல் ஒன்று எடுத்து, பெயரின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே ‘கன்டென்ட்’, ‘ஸ்டைல்ஸ்’ என்று இரண்டு எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். நீங்கள் எழுதியது முதலாவதில். பாணிகளின் வரையறை இரண்டாவதில். கையால் அலங்கரித்த பத்திகளுக்கு முதல் கோப்பிலேயே பி1, பி2, பி3 என்று ரைட்டர் தானாக எண் போட்டு வைத்திருப்பதையும் காண்பீர்கள். ஆக, நீங்கள் பாணியே பயன்படுத்தாவிட்டாலும் கணினி உங்களுக்காகப் பாணிகளை உருவாக்கிக்கொண்டுதான் இருக்கிறது. அவற்றுக்குப் பொருள் தரும் பெயர் இல்லை, உங்கள் கைக்கு அவை எட்டுவதும் இல்லை. 240 பக்கக் கோப்பில் அத்தகைய எண் பாணிகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிடும்.

எழுத்தும் தோற்றமும் தனித்தனியே இருக்க வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிரையன் ரீட் உருவாக்கிய ‘ஸ்கிரைப்’ என்ற மென்பொருள் 1980இலேயே இந்த அடிப்படையில் இயங்கியது. அவருடைய முனைவர் பட்ட ஆய்வே அதைப் பற்றியதுதான். 1983இல் டாஸ் கணினிகளுக்கு வந்த வேர்டின் முதல் பதிப்பிலும் பாணித் தாள்கள் இருந்தன. நாற்பது ஆண்டுகளாகக் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் வசதி இது. தமிழில் நூல் எழுதுபவர்கள் எல்லோரும் இதைக் கையாள வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் எழுத்துருச் சிக்கல்

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய பகுதிகள் உங்கள் கோப்பில் இருந்தால், பாணிகளைத் தொடும் முன் அவற்றை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றிவிடுங்கள். பழைய குறியாக்கத்தில் கோப்புக்குள் இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. அந்தப் பத்திக்கு ஒருங்குறி எழுத்துரு கொண்ட பாணியைக் கொடுத்து, பழைய அலங்காரத்தை நீக்கினால் தமிழ் மறைந்து வெறும் ஆங்கிலக் குறிகள் சிதறிக் கிடக்கும். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஆனாலும் அதற்கு முன் தட்டெழுதிய கட்டுரைகள் பலருடைய கணினியில் அப்படியேதான் இருக்கின்றன. குறியாக்க மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மாற்றிய பிறகு ஒரு முறை பிழை பார்ப்பது அவசியம். முக்கியமாக ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வரும் இடங்களையும் மேற்கோள் குறிகளையும் பாருங்கள்.

அடுத்தது, தமிழில் பாணி அமைக்கும் பலரும் தடுக்கி விழும் இடம். பாணியைத் திறந்து எழுத்துருவை மாற்றுவார்கள். தமிழில் ஒன்றும் நடக்காது. “இந்த வசதியெல்லாம் இங்கிலீஷுக்குத்தான்” என்று அத்தோடு விட்டுவிடுவார்கள். வசதி சரியாகத்தான் இருக்கிறது, இடம்தான் வேறு. ரைட்டர் எழுத்து முறைகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது: மேற்கத்திய எழுத்துகள், சீனம் ஜப்பானியம் போன்ற கிழக்காசிய எழுத்துகள், சிக்கலான எழுத்தமைப்பு உடையவை. தமிழ் மூன்றாவது வகை. ஒவ்வொரு பாணியிலும் இந்த மூன்று வகைக்கும் தனித்தனி எழுத்துரு, தனித்தனி அளவு, தனித்தனித் தடிப்பு இருக்கும்.

‘டூல்ஸ்’ பட்டியலில் ‘ஆப்ஷன்ஸ்’ திறந்து, மொழிகளுக்கான பகுதிக்குப் போங்கள். ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்ற பெட்டியில் குறியிட்டு, மொழியாகத் தமிழைத் தேருங்கள். இனி எந்தப் பாணியைத் திறந்தாலும் எழுத்துருப் பக்கத்தில் ‘வெஸ்டர்ன்’ என்ற பகுதியோடு ‘சிடிஎல்’ அல்லது ‘காம்ப்ளெக்ஸ்’ என்ற பகுதியும் தெரியும். தமிழுக்கானதை அதில்தான் அமைக்க வேண்டும். நூலில் இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களுக்கானது ‘வெஸ்டர்ன்’. ஒரே புள்ளி அளவில் தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும் கண்ணுக்கு ஒரே உயரமாகத் தெரிவதில்லை. ஒரு வரியில் இரண்டையும் சேர்த்து எழுதிப் பார்த்து, ஏதேனும் ஒன்றை அரைப் புள்ளி, ஒரு புள்ளி கூட்டிக் குறைத்துப் பொருத்திக்கொள்ளுங்கள்.

அடிப்படைப் பாணியும் அதன் வாரிசுகளும்

எஃப்11 விசையை அழுத்துங்கள். வலப்பக்கத்தில் பாணிகளின் பலகை திறக்கும். மேலே வரிசையாக நிற்கும் சிறு படங்கள் பாணிகளின் வகைகள்: பத்தி, எழுத்து, சட்டம், பக்கம், பட்டியல், அட்டவணை. நூல் எழுதுபவருக்குப் பத்திப் பாணி, எழுத்துப் பாணி, பக்கப் பாணி இந்த மூன்றும் போதும். மற்றவற்றைத் தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பலகையின் அடியில் ‘ஹைரார்க்கிக்கல்’ என்பதைத் தேர்ந்தால் பத்திப் பாணிகள் ஒரு குடும்ப மரமாகத் தெரியும். உச்சியில் ‘டிஃபால்ட் பேராகிராஃப் ஸ்டைல்’. அதன் கீழே நூலின் உடற்பகுதிக்கான ‘பாடி டெக்ஸ்ட்’. பழைய பதிப்புகளில் இதன் பெயர் ‘டெக்ஸ்ட் பாடி’. தலைப்புகளுக்கெல்லாம் தாயான ‘ஹெடிங்’ என்ற பாணியும், அதன் கீழே ‘ஹெடிங் 1’ முதல் ‘ஹெடிங் 10’ வரையும் இருக்கும். தாய்ப் பாணியில் செய்யும் மாற்றம், அந்த விஷயத்தில் தனக்கென ஒரு மதிப்பை வைத்துக்கொள்ளாத எல்லா வாரிசுகளுக்கும் இறங்கும்.

எனவே வேலையை உச்சியிலிருந்து தொடங்குங்கள். ‘டிஃபால்ட் பேராகிராஃப் ஸ்டைல்’ மேல் வலச் சொடுக்கு செய்து, ‘எடிட் ஸ்டைல்’ திறந்து, தமிழ் எழுத்துரு, மொழி இரண்டையும் மட்டும் அமையுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் நூலுக்குப் பொருந்தும். இலவசமாகக் கிடைப்பது, பல தடிப்புகளில் வருவது. உள்தள்ளல், பத்தி இடைவெளி போன்றவற்றை இங்கே வைக்காதீர்கள். இங்கே வைப்பது படக்குறிப்பு, அடிக்குறிப்பு, பக்க மேல்வரி வரைக்கும் போய்ச் சேரும். தலைப்புகளின் எழுத்துருவை மாற்ற வேண்டுமானால் ‘ஹெடிங்’ என்ற தாயிடம் மாற்றுங்கள்; அது தனக்கென எழுத்துரு வைத்திருப்பதால் உச்சியில் செய்த மாற்றம் அதற்கு இறங்காது.

பிறகு ‘பாடி டெக்ஸ்ட்’. நூலில் பத்தில் ஒன்பது பங்கு இந்தப் பாணிதான் என்பதால் இங்கே நேரம் செலவிடுவது தகும். டெமி அளவு நூலுக்கு 11 புள்ளி நல்ல தொடக்கம். வரி இடைவெளியில் தமிழுக்கு ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் வேண்டும். ‘கி’, ‘றீ’ போன்றவற்றில் மேலே வளையும் சுழியும், ‘கு’, ‘ழு’, ‘ஞூ’ போன்றவற்றில் கீழே இறங்கும் காலும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. ரைட்டரில் வரி இடைவெளியை விகிதமாகவும் வைக்கலாம், ‘ஃபிக்ஸ்டு’ என்று நிலையான அளவாகவும் வைக்கலாம். நூலுக்கு நிலையான அளவையே பரிந்துரைக்கிறேன். விகிதமாக வைத்தால், ஆங்கிலச் சொல்லோ வேறு எழுத்துருவோ வரும் வரி மட்டும் சற்று உயர்ந்து, பக்கத்தின் சீர் குலையும். 11 புள்ளி எழுத்துக்கு 16 அல்லது 17 புள்ளி வைத்து, ஒரு பக்கத்தைத் தாளில் அச்சிட்டுப் பாருங்கள். திரையில் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். நிலையான அளவை மிகவும் குறைத்தால் மேல்சுழிகள் வெட்டுப்படும் என்பதையும் கவனியுங்கள்.

பத்தியின் முதல் வரி உள்ளே தள்ளித் தொடங்க வேண்டுமா? அதையும் இதே பாணியில் ‘ஃபர்ஸ்ட் லைன்’ என்ற இடத்தில் கொடுங்கள். அரை சென்டிமீட்டர் போதும். இடைவெளிப் பட்டையைத் தட்டித் தள்ளுவதும், பத்திகளுக்கிடையே இரண்டு முறை என்டர் அடிப்பதும் இன்றோடு நிற்கட்டும். பக்கத்தின் உச்சியில் காரணமில்லாமல் ஒரு வெற்று வரி நிற்பதற்கும், பத்தித் தொடக்கங்கள் ஏறுக்குமாறாகத் தெரிவதற்கும் இவைதான் காரணம். ‘டெக்ஸ்ட் ஃப்ளோ’ பக்கத்தில் ‘ஆர்ஃபன்’, ‘விடோ’ இரண்டையும் 2 என்று வையுங்கள். பத்தியின் ஒற்றை வரி பக்கத்தின் அடியில் தனித்து நிற்பதும், அடுத்த பக்கத்தின் உச்சிக்குத் தனியே போவதும் நின்றுவிடும்.

இருபுறமும் ஒழுங்கு செய்வதா, இடப்புறம் மட்டுமா என்பது உங்கள் முடிவு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய அகலத்தில் இருபுறமும் இழுத்து நிறுத்தினால் சொற்களுக்கிடையே பள்ளங்கள் விழும். டெமி நூலின் அகலத்தில் 11 புள்ளிக்கு அது ஓரளவு தாங்கும். இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த பக்கத்தில் தாங்காது.

நமக்கென்று சில பாணிகள்

ரைட்டரில் வரும் பாணிகளில் கல்வெட்டுக்கோ ஒப்பாரிக்கோ ஒன்று இருக்காது. நாம்தான் உருவாக்க வேண்டும். பாடல் ஒன்றில் இடஞ்சுட்டியை நிறுத்தி, பலகையில் ‘பாடி டெக்ஸ்ட்’ மேல் வலச் சொடுக்கு செய்து ‘நியூ’ என்று கொடுங்கள். பெயர்: பாடல். ஆம், தமிழிலேயே பெயர் வைக்கலாம். ‘இன்ஹெரிட் ஃப்ரம்’ என்ற இடத்தில் ‘பாடி டெக்ஸ்ட்’ இருக்கட்டும். பிறகு வேறுபடுபவற்றை மட்டும் மாற்றுங்கள்: இடப்புறம் ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே, முதல் வரி உள்தள்ளல் பூஜ்ஜியம், பத்திக்கு மேலும் கீழும் சிறு இடைவெளி, இடப்புற ஒழுங்கு. எழுத்தளவில் 10 என்று எழுதுவதற்குப் பதிலாக 90% என்று எழுதிப் பாருங்கள். ரைட்டர் அதை ஏற்கும். நாளை உடற்பகுதியை 12 புள்ளி ஆக்கினால் பாடலும் அதற்கேற்பத் தானே வளரும்.

பெயரைத் தோற்றத்தை வைத்துச் சூட்டாதீர்கள். ‘சிறிய எழுத்து உள்ளே தள்ளியது’ என்று பெயர் வைத்தால், பதிப்பாளர் பாடல்களை நடுவில் நிறுத்தச் சொல்லும் நாளில் பெயர் பொய்யாகிவிடும். அதைவிடப் பெரிய தீங்கும் உண்டு. கல்வெட்டும் பாடலும் இன்று ஒரே தோற்றத்தில் இருப்பதால் இரண்டுக்கும் அந்த ஒரே பாணியைக் கொடுத்துவிடுவீர்கள். பிறகு கல்வெட்டை மட்டும் மாற்ற வழி இருக்காது. இந்த இயலில் ஒன்றை மட்டும் மனத்தில் இருத்த இடம் இருந்தால் இதை இருத்துங்கள்: பத்தி என்ன வேலை செய்கிறதோ அதுவே அதன் பெயர். பாடல், கல்வெட்டு, படக்குறிப்பு, தகவலாளர் கூற்று என்று வையுங்கள். தோற்றம் ஒன்றாகவே இருந்தாலும் வேலை வேறென்றால் பாணியும் வேறு.

பாடலில் வரிகளை முறிக்க ஷிஃப்ட்டோடு என்டர் அழுத்துங்கள். அப்போது ஒரு கண்ணி முழுவதும் ஒரே பத்தியாக நிற்கும். கண்ணிக்கும் கண்ணிக்கும் இடையே பாணியில் கொடுத்த இடைவெளி தானே விழும். ‘டெக்ஸ்ட் ஃப்ளோ’வில் பத்தியைப் பிளக்க வேண்டாம் என்று குறியிட்டால், நான்கு வரித் தாலாட்டு இரண்டு பக்கத்துக்கு உடையாது. நீண்ட ஒப்பாரிக்கு இந்தக் குறி வேண்டாம். பக்கத்தின் அடியில் பெரிய வெற்றிடம் விழுந்துவிடும்.

ஒவ்வொரு பாணியிலும் ‘நெக்ஸ்ட் ஸ்டைல்’ என்று ஒன்று இருக்கிறது. இந்தப் பத்தியை முடித்து என்டர் அடித்தால் அடுத்ததாக எந்தப் பாணி வர வேண்டும் என்பதை அது சொல்லும். தலைப்புக்கு அடுத்த பத்தி உள்தள்ளாமல் தொடங்க வேண்டும் என்று விரும்புபவர்கள் ‘முதல் பத்தி’ என்ற பாணியை உருவாக்கி, ‘ஹெடிங் 1’க்கு அடுத்து ‘முதல் பத்தி’, அதற்கு அடுத்து ‘பாடி டெக்ஸ்ட்’ என்று கோத்துவிடலாம். எழுதும்போது கையைச் சுட்டிக்குக் கொண்டுபோக வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. கன்ட்ரோலோடு 1, 2, 3 அழுத்தினால் அந்தந்த நிலைத் தலைப்பு. கன்ட்ரோலோடு பூஜ்ஜியம் அழுத்தினால் உடற்பகுதி.

அதே பக்கத்தில் ‘ஆட்டோ அப்டேட்’ என்ற பெட்டியும் இருக்கும். அதைத் தொட வேண்டாம். அதில் குறி இருந்தால், எங்கோ ஒரு பத்தியைக் கையால் மாற்றியது பாணியையே மாற்றி, நூல் முழுவதும் பரவிவிடும்.

பத்திக்குள் சில சொற்கள்

பத்தி முழுவதற்கும் அல்லாமல் சில சொற்களுக்கு மட்டும் வேறுபாடு வேண்டுமானால் எழுத்துப் பாணி. கன்ட்ரோல்+பி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். நம் ஊர் வரலாற்றில் தடித்த எழுத்து எத்தனை காரணங்களுக்காக வரும் என்று பாருங்கள். கல்வெட்டில் கிரந்த எழுத்தில் பொறித்த சொற்களை வேறுபடுத்திக் காட்ட வேண்டும். அருஞ்சொல் முதன்முறை வரும்போது அழுத்திக் காட்ட வேண்டும். தகவலாளர் பேச்சில் அவர் அழுத்திச் சொன்ன சொல் ஒன்று இருக்கும். மூன்றையும் கன்ட்ரோல்+பி கொண்டு தடித்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. ‘கிரந்தம்’, ‘அருஞ்சொல்’, ‘அழுத்தம்’ என்று மூன்று எழுத்துப் பாணிகள் இருந்தால், தொல்லியல் அறிந்த ஒருவர் படித்துவிட்டுக் கிரந்தத்தை அடிக்கோட்டால் காட்டச் சொல்லும்போது ஒரே மாற்றத்தில் முடிந்துவிடும். மற்ற இரண்டும் அசையாது.

சாய்வெழுத்தைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்கென்று தனியே வரைந்த சாய்வு வடிவம் இல்லை. ரைட்டர் நேரெழுத்தை அப்படியே சாய்த்துக் காட்டும். படிக்க இனிமையாக இருக்காது. அழுத்தத்துக்காக ரைட்டரில் ஏற்கெனவே இருக்கும் ‘எம்ஃபசிஸ்’ பாணியின் தோற்றம் சாய்வுதான். அதைப் பயன்படுத்துவதானால் அதன் தமிழ்ப் பகுதியில் சாய்வை எடுத்துவிட்டு, தடிப்பையோ நிறத்தையோ கொடுங்கள். தடிப்பிலும் கவனம் வேண்டும். தடித்த வடிவம் தனியே இல்லாத எழுத்துருவில் கணினி கோடுகளைத் தானே பருமனாக்கும். ‘ண’, ‘ஞ’, ‘ஜ’ போன்ற எழுத்துகளின் உள்வெளிகள் அடைபட்டுவிடும்.

தலைப்புகள் தரும் பலன்

தலைப்புப் பாணிகளைச் சரியாகக் கொடுத்து முடித்ததும் எஃப்5 அழுத்துங்கள். ‘நேவிகேட்டர்’ திறந்து, நூலின் எலும்புக்கூடு முழுவதும் தெரியும். குளங்களைப் பற்றிய இயல் கோயிலுக்கு முன்னால் வர வேண்டும் என்று தோன்றினால், அங்கே அந்தத் தலைப்பை மேலே நகர்த்தினாலே போதும். அதன் கீழுள்ள பத்திகள், படங்கள் எல்லாம் உடன் போகும். முப்பது பக்கங்களை வெட்டி ஒட்டும் பதற்றம் இல்லை. வரலாறு எழுதுபவருக்கு இது பெரிய விடுதலை. நூலின் வரிசை அமைப்பைக் கடைசிவரை சோதித்துப் பார்க்கலாம்.

‘இன்செர்ட்’ பட்டியலிலிருந்து பொருளடக்கத்தைச் செருகினால் பக்க எண்ணோடு அமைந்துவிடும். திருத்திய பிறகு அதன் மேல் வலச் சொடுக்கு செய்து புதுப்பிக்க வேண்டும், தானாக மாறாது. பொருளடக்கத்தின் தோற்றத்தை மாற்ற நேரடியாக அதற்குள் கைவைக்காதீர்கள். அடுத்த புதுப்பிப்பில் எல்லாம் போய்விடும். ‘கன்டென்ட்ஸ் 1’, ‘கன்டென்ட்ஸ் 2’ என்ற பாணிகளை மாற்றுங்கள்.

இந்தப் பலன் அச்சு நூலோடு நிற்பதில்லை. பிடிஎஃப் ஆக்கும்போது குறியிட்ட பிடிஎஃப், தலைப்பு வரிசை ஆகிய இரண்டு பெட்டிகளிலும் குறியிட்டால், பக்கவாட்டில் சொடுக்கிச் செல்லும் தலைப்புகள் கிடைக்கும். மின்னூலாக ஏற்றுமதி செய்தால் இயல்கள் தலைப்பை வைத்துப் பிரியும். பார்வையற்ற வாசகர்கள் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்களில் ஒரு விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுகிறார்கள். வெறுமனே பெரிதாக்கித் தடித்த வரி அவர்களுக்குத் தலைப்பே இல்லை. 240 பக்கமும் ஒரே நீளமாக ஓடும். நம் நூலை அவர்களும் நம்மைப் போலப் புரட்ட முடிய வேண்டும். எழுதுபவர் தலைப்புக்குத் தலைப்பென்று பெயர் வைத்தால் மட்டுமே அது நடக்கும்.

பக்கப் பாணி

இயல் வலப்பக்கத்தில் தொடங்க வேண்டும் என்றாரே பதிப்பாளர், அதற்கு வருவோம். வெற்றுப் பக்கங்களைக் கையால் செருக வேண்டாம். பக்கப் பாணிகளில் ‘இயல் தொடக்கம்’ என்று ஒன்றை உருவாக்கி, அதன் பக்க அமைப்பை ‘ஒன்லி ரைட்’ என்று வையுங்கள், மேல்வரி வேண்டாம், அடுத்த பாணியாக ‘டிஃபால்ட் பேஜ் ஸ்டைல்’. பிறகு ‘ஹெடிங் 1’ பத்திப் பாணியைத் திறந்து, ‘டெக்ஸ்ட் ஃப்ளோ’வில் பத்திக்கு முன் பக்க முறிவு வேண்டும், அது ‘இயல் தொடக்கம்’ பாணியோடு வேண்டும் என்று கொடுங்கள். இனி எந்த வரிக்கு ‘ஹெடிங் 1’ கொடுத்தாலும் அது புதிய வலப்பக்கத்தில் போய் நிற்கும். முந்தைய இயல் வலப்பக்கத்தில் முடிந்திருந்தால், இடையில் ஒரு வெற்றுப் பக்கத்தை ரைட்டரே விடும்.

‘டிஃபால்ட் பேஜ் ஸ்டைல்’ அளவை டெமிக்கு ஏற்ப ஏறக்குறைய 14 × 21.5 சென்டிமீட்டர் என்றும், அமைப்பை ‘மிரர்டு’ என்றும் வையுங்கள். தைக்கும் பக்கத்து ஓரம் சற்று அகலமாக இருக்கட்டும். ‘இயல் தொடக்கம்’ பாணிக்கும் அதே அளவு, அதே ஓரங்கள். சரியான அளவை அச்சகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வெட்டும் அளவு இடத்துக்கு இடம் மாறும்.

பழைய கோப்பைச் சீர் செய்வது

ஏற்கெனவே கையால் அலங்கரித்த கோப்பு கையில் இருக்கிறதே, அதை என்ன செய்வது? மூலத்தைப் பிடிஎஃப் ஆக்கி ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். எது தடிப்பாக இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. பிறகு நகலில் வேலை செய்யுங்கள். முழுவதையும் தேர்ந்து ‘பாடி டெக்ஸ்ட்’ கொடுங்கள். தேர்வைக் கலைக்காமல் கன்ட்ரோல்+எம் அழுத்தினால் கையால் செய்த அலங்காரங்கள் உதிரும். அடுத்து, தேடி மாற்றும் பெட்டியில் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ்’ குறியிட்டு, ^$ என்று தேடி, மாற்றுப் பகுதியை வெறுமையாக விட்டு மாற்றினால் வெற்றுப் பத்திகள் எல்லாம் மறையும். இனி முதல் பக்கத்திலிருந்து, பிடிஎஃப்பைப் பார்த்தபடியே தலைப்பு, பாடல், கல்வெட்டு என்று பாணிகளைக் கொடுத்துக்கொண்டே போங்கள். பலகையில் உள்ள வாளிப் படத்தைச் சொடுக்கினால் சுட்டி வண்ண வாளியாக மாறும்; ஒரு பாணியைத் தேர்ந்து, உரிய பத்திகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கினால் போதும். பாடல்களை முதலில் ஒரு சுற்று, கல்வெட்டுகளை இன்னொரு சுற்று என்று போவது வேகம்.

முடித்த பிறகு சரிபார்க்க நல்ல கருவி ஒன்று உண்டு. 2023இல் வந்த 7.6 பதிப்பிலிருந்து, பலகையின் அடியில் ‘ஸ்பாட்லைட்’ என்ற பெட்டி இருக்கிறது. குறியிட்டால் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் பாணிக்கொரு நிறமும் எண்ணும் கொண்ட பட்டை தோன்றும். பட்டையில் சாய்கோடுகள் தெரிந்தால் அங்கே பாணியை மீறிய கை அலங்காரம் இன்னும் மிச்சமிருக்கிறது என்று பொருள்.

வேறு இடத்திலிருந்து வெட்டி ஒட்டும் பகுதிகள்தான் சீர் செய்த கோப்பை மறுபடி குலைப்பவை. இணையப் பக்கத்திலிருந்தோ நண்பர் அனுப்பிய கோப்பிலிருந்தோ எடுக்கும்போது கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றோடு வி அழுத்தி வெறும் எழுத்தாக ஒட்டுங்கள்.

வேர்டில் எழுதுபவர்களுக்கு

அடிப்படை ஒன்றேதான். உச்சிப் பாணியின் பெயர் ‘நார்மல்’. தாய்ப் பாணியைக் குறிக்கும் இடம் ‘ஸ்டைல் பேஸ்டு ஆன்’. பாணியை மாற்றும் பெட்டியில் ‘ஃபார்மட்’, ‘ஃபான்ட்’ என்று போனால், தமிழுக்கான எழுத்துருவை ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற பகுதியில் அமைக்க வேண்டும். ஆல்ட், கன்ட்ரோலோடு 1 அழுத்தினால் ‘ஹெடிங் 1’. கையால் செய்ததை உதிர்க்க, எழுத்துக்குக் கன்ட்ரோலோடு இடைவெளிப் பட்டை, பத்திக்குக் கன்ட்ரோல்+க்யூ. பக்கப் பாணி என்பது வேர்டில் இல்லை. ‘செக்‌ஷன்’ என்று பகுதி பகுதியாகப் பிரித்தே பக்க அமைப்பை மாற்ற வேண்டும். அதனால் ரைட்டரில் செய்த கோப்பை வேர்டு வடிவில் கொடுத்தால் பத்திப் பாணிகளும் எழுத்துப் பாணிகளும் பெரும்பாலும் பத்திரமாகப் போய்ச் சேரும். பக்க அமைப்பு கலையலாம்.

அடுத்த நூலை இதே அமைப்பில் எழுதப் போகிறீர்கள் என்றால், உள்ளடக்கத்தை அழித்துவிட்டு ‘சேவ் ஆஸ் டெம்ப்ளேட்’ கொடுத்து வையுங்கள். ஏற்கெனவே தொடங்கிவிட்ட கோப்பாக இருந்தாலும், ‘லோட் ஸ்டைல்ஸ்’ மூலம் இந்தப் பாணிகளை அதற்குள் இறக்கிக்கொள்ளலாம்.

பதிப்பாளரிடம் பக்கம் கட்டுபவர் இன்டிசைன் பயன்படுத்துவார் என்றால், வேர்டு வடிவக் கோப்பை உள்ளே எடுக்கும்போது உங்கள் பாணி ஒவ்வொன்றையும் தம் பாணியோடு இணைத்துவிட அதில் வழியுண்டு. உங்கள் ‘பாடல்’ அவருடைய பாடல் பாணியாக மாறும்; பாட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவர் ஊகிக்க வேண்டியதில்லை. எனவே கோப்போடு மூன்றைச் சேர்த்து அனுப்புங்கள்: நீங்கள் விரும்பும் தோற்றத்தைக் காட்டும் பிடிஎஃப், பாணிகளின் பெயரும், ஒவ்வொன்றும் எதற்கானது என்ற ஒருவரி விளக்கமும் கொண்ட ஒரு பக்கப் பட்டியல், கிரந்தச் சொற்கள் வரும் பக்க எண்கள். மெய்ப்பு வந்ததும் முதலில் அந்தப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். எழுத்துப் பாணிகள் வழியில் தொலைந்திருந்தால் அங்கேதான் தெரியும்.